அத்தையின் காலில் எரிந்த விளக்கு

மதிப்பிற்குரிய சுஹ்ராப் அண்ணாவுக்கு, தங்கை நிகினா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், குல்பகோர் அத்தைக்கு மட்டும் ஜலதோஷம். காரணம் நீ அனுப்பிய தகடு.

நான் முதலில் கவனித்தது ஒன்றுதான்: அத்தை காலை நீட்டினால் விளக்கு எரிந்தது.

வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, கம்பியில் கோத்த குட்டி விளக்கை எரிக்கும் தகடு, சூடான இடத்தில் வையுங்கள், சனிக்கிழமை ஆசிரியர் போனில் கேட்பார், எரிகிறது என்று வீட்டில் சொன்னால்தான் எனக்குத் தேர்ச்சி என்று எழுதியிருந்தாய் அல்லவா, அப்பா அதை நாம் குளிர்காயும் சந்தலி மேசைக்கு அடியில், கங்குக் குழியின் விளிம்பில் வைத்து, துளிக் குளிரும் புகாதபடி இரண்டு பஞ்சுப் போர்வைகளைப் போர்த்தினார். ரொட்டி சுட உதவாத, கால் காய மட்டும் உதவுகிற சூடு. விளக்கு எரியவில்லை. "பச்சைப் புள்ள மாதிரி அதுக்கு இன்னும் கதகதப்பு வேணும்" என்று மூன்றாவது போர்வையும் போட்டார். அப்போதும் இல்லை. அந்த நேரம் பனியில் நடந்து வந்த அத்தை, ஈரக் காலுறையோடு போர்வைக்குள் காலை நீட்டித் தகட்டின் மேல் வைத்தாள். விளக்கு எரிந்தது. கால் சூடானதும் அணைந்தது.

"குல்பகோர், வெறுங்காலோட முற்றத்துல கொஞ்சம் நடந்துட்டு வா. பையன் படிப்பு."

"என் காலு என்ன கரண்டு ஆபீசாண்ணே?"

மூன்று முறை போய் வந்தாள். நான்காவது முறை செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கே போய்விட்டாள்.

"எரியுது, ஆனா எங்க தங்கச்சி வேணும்னு வாத்தியார்கிட்ட சொல்லிடறேன்" என்கிறார் அப்பா. அத்தையின் காலில் அருள் இருக்கிறதாம். இருந்தது குளிர்தானே? கீழே சூடு, மேலே குளிர், இரண்டும் வேண்டுமோ? இரண்டு பக்கமும் ஒரே சூடானால் தகடு தூங்கிவிடுகிறதோ? ஏழாம் வகுப்போடு நின்ற நான் இதை எப்படிச் சொல்வது? வாய்வரை வந்து திரும்பிவிடுகிறது. வீட்டின் ஒரே போன் அப்பாவின் பையில். ஆகவே உன் ஊருக்கு வரும் கார்க்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நீயே அப்பாவிடம் சொல். நான் வாய் திறக்க மாட்டேன்.

அங்கேயும் குளிராக இருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா உலர்ந்த மல்பெரி அனுப்பியிருக்கிறாள். நீ நன்றாக இருக்க எல்லோரும் வேண்டுகிறோம்.

நிகினா

பின்குறிப்பு: கணவாயில் பனி, கார் போகவில்லை. மல்பெரியும் பாதி தீர்ந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. உன் ஆசிரியர் அழைத்தார், அப்பா "எங்க தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்த் தகரக் குவளை நிறையப் பனி அள்ளி வந்து, போர்வையைத் தூக்கி, தகட்டின் மேல் வைத்தேன். விளக்கு எரிந்தது. அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, "எரியுதுங்க ஐயா, ஏன்னு நான் சொல்றேன்" என்றேன்.