உப்பு வேலியும் ஒரு குருட்டுக் கழுதையும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய பிழை: ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துபோய் மாற்றிப் போட்ட அவசரத்தில், இரண்டு கதைச்சுருக்கங்களின் இரண்டாம் பக்கங்கள் இடம் மாறிவிட்டனவோ என்று சந்தேகம். எதையும் மூன்று முறை சரிபார்ப்பது என் வழக்கம். இன்று இரண்டு முறைதான் பார்த்தேன்.

பிழையை முதலிலும் நாளைய வேலையைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது க்ளெண்டேல் மாலைக் கல்லூரியில் எங்கள் நாட்குறிப்பு வகுப்பின் விதி. நடுவில் உண்மையை எழுத வேண்டும். நடுப்பகுதிக்கு மதிப்பெண் குறைவு.

உண்மை இதுதான்: இலக்கியத்தை எங்கள் நிறுவனம் மதிப்பதைப் போல உலகில் வேறு எந்த நிறுவனமும் மதித்ததில்லை. லவீனியா கோப் 1911இல் எழுதிய 'உப்பு வேலி' நாவலை நாங்கள் படமாக்கப் போகிறோம். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் நான்கு தலைமுறையாகப் பாடமாக இருக்கும் நூல். எங்கள் வரவேற்பறையில் அதன் முதற்பதிப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு சிறு விளக்கும் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் கதைப்பிரிவில் தகுதிகாண் ஊழியர். எந்த நூல் வந்தாலும் படித்து இரண்டு பக்கத்தில் சுருக்கித் தருவது என் வேலை. மேலே உள்ளவர்கள் அந்த இரண்டு பக்கத்தைப் படிப்பார்கள். ஆகவே எங்கள் கட்டிடத்தில் 'படித்தேன்' என்றால் முதல் பக்கத்தைப் படித்ததாகப் பொருள். 'ஆழ்ந்து படித்தேன்' என்றால் இரண்டாவதையும்.

ஆறு மாதம் ஜூன் 13ஆம் தேதி முடிகிறது. அன்று என்னை நிரந்தரமாக்கினால் எனக்குப் பல் காப்பீடு கிடைக்கும். இடது கீழ்க் கடைவாய்ப் பல் கிறிஸ்துமஸிலிருந்து இதற்காகக் காத்திருக்கிறது. நான் வலது பக்கமாகவே மெல்கிறேன்.

நாளைய வேலை: இரண்டாம் பக்கங்களைச் சரிபார்ப்பது.

மார்ச் 6, வியாழன்

இன்றைய பிழை: நேற்று சரிபார்க்கவில்லை.

செவ்வாயன்று நான் சுருக்கிய இரண்டாவது கதை, குழந்தைகளுக்கான ஒரு கையெழுத்துப் பிரதி. கர்னல் என்ற குருட்டுக் கோவேறு கழுதை, பனிப்புயலில் வழி தவறிய ஒரு கிழவியை வீடு கொண்டுவந்து சேர்க்கிறது. ஊரே கை தட்டுகிறது. அந்தக் கதை இன்று நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு: 'ஐந்து முதல் எட்டு வயதினருக்குச் சற்று இருண்ட முடிவு.'

புரட்டிப் பார்த்தேன். குழந்தைக் கதையின் பின்னால் 'உப்பு வேலி'யின் முடிவு இருந்தது.

'உப்பு வேலி' தெர்ஸா என்ற விதவையின் கதை. நெப்ராஸ்காவில் வற்றிப்போன ஓர் உப்பு ஏரியின் கரையில் அவள் நிலம் இருக்கிறது. பக்கத்து நிலத்து ஏமஸோடு ஒரு வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோக, அவள் இருபது வருடம் வேலி கட்டுகிறாள். உப்புக் காற்றில் கம்பி இற்றுப்போகும். மறுபடி கட்டுவாள். நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஒருநாள் வேலியைத் தாண்டிப் போய் அவன் கதவைத் தட்டுகிறாள். ஏமஸ் செத்துப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது. அவள் யாருக்கும் எதிராக இல்லாமல் வேலி கட்டியிருக்கிறாள். அதோடு நாவல் முடிகிறது.

பேருந்தில் பதினொரு நாளாகப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டு கதையிலும் ஒரு கிழவி இருப்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. 'உப்பு வேலி' சுருக்கத்துக்கு மேலிடம் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறது. ஓரத்தில் பச்சை மையில், 'அந்தக் கழுதை!'

நாளைய வேலை: உண்மையைச் சொல்வது.

மார்ச் 7, வெள்ளி

இன்றைய பிழை: உண்மையைச் சொன்னேன்.

தயாரிப்பாளர் டெல்ஃபின் ஆஷ் எளிமையானவர். எங்கள் கட்டிடத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைப்போம். அறைகளின் அளவு மட்டும்தான் வேறு. அவர் அறைக்குள் நடந்து மேசையை அடைவதற்குள் நான் சொல்லவந்ததை மனதுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொள்ள முடிந்தது.

"டெல்ஃபின், 'உப்பு வேலி'ல கழுதை இல்ல."

"எந்தப் பக்கத்துல இல்ல?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. நான் பின் அடிக்கும்போது தாள் மாறிப்போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கனிவோடு பார்த்தார். "கோரா கண்ணு, பத்தாவது படிக்கறப்ப அந்தக் கழுதைக்காக நான் ரெண்டு நாள் அழுதிருக்கேன். எங்கம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டாங்க. அழுதது நானா, நீயா?"

நீங்கள்தான் என்றேன். எனக்கு என்மீதே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நாவலை மறுபடி முதலிலிருந்து தேடினேன். பக்கம் 207இல் ஒரு கோழி வருகிறது.

நாளைய வேலை: விடுமுறை. வலது பக்கமாக மெல்வது.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றைய பிழை: இளஞ்சிவப்புத் தாள்களை நீலத் தாள்களுக்கு முன்னால் அடுக்கிவிட்டேன்.

திரைக்கதையை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வேறு நிறத் தாளில் அச்சிடுவது எங்கள் தொழிலின் மரபு. நிறத்தைப் பார்த்தே கலை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெள்ளைத் தாளில் கழுதை கடைசிக் காட்சியில் மட்டும் வந்தது. நீலத்தில் மூன்று காட்சிகளில் வந்தது. இளஞ்சிவப்பில் அதற்கு ஒரு குழந்தைப் பருவம் கிடைத்தது. மஞ்சளில் அதன் தாய் இறந்தாள். இன்று வந்த பச்சைத் தாளில், வேலி கழுதையின் வழியை மறைக்கிறது என்று வேலியை எடுத்துவிட்டார்கள். 'உப்பு வேலி' என்ற தலைப்பில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அவ்வளவு விசுவாசம்.

திரைக்கதை ஆசிரியர் நாவலைப் படிக்கவில்லை. படித்தால் தன் பார்வையின் தூய்மை கெட்டுவிடும் என்று அவர் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். ஆனாலும் நிறுவனம் பொறுப்பற்றதல்ல. 'விசுவாசக் காவலர்' என்ற பதவியை உருவாக்கி, லவீனியா கோப் ஆய்வில் புகழ்பெற்ற பேராசிரியர் லெய்ட்டனை அதில் அமர்த்தியிருக்கிறது. அவர் வாழ்நாள் ஆய்வு நாவலின் முதல் நாற்பது பக்கங்களைப் பற்றியது. மீதி வேறு ஒருவருடைய துறையாம். இன்றைய கூட்டத்தில் கழுதையைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். முதல் நாற்பது பக்கங்களில் அது இல்லாமல் இருப்பதே, பின்னால் அது வரப்போகிறது என்பதற்கு வலுவான சான்று என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பு எடுப்பது என் வேலை.

நாளைய வேலை: லவீனியாவின் அண்ணன் பேரனுக்கு மதிய உணவு. அவர்தான் என் கடைசி நம்பிக்கை. நாவலின் ஆன்மாவுக்குப் பங்கம் வந்தால் குடும்பம் உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்ல வேண்டியதில்லை. என் பல்லும் தப்பிக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றைய பிழை: காலிஃபிளவரில் மாவு செய்து சுட்ட பீட்சாவை நெப்ராஸ்காக்காரர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

வெர்ன் கோப் தண்ணீர் பம்பு விற்கிறார். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, யாருக்கும் மனம் நோகாதபடி ஓரமாகத் தள்ளிவைத்தார். மஞ்சள் தாள்களை விமானத்திலேயே படித்துவிட்டாராம். கழுதையின் தாய் சாகிற இடத்தில் பக்கத்து இருக்கைக்காரி காகிதக் கைக்குட்டை கொடுத்தாளாம்.

நாவலை எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க அதோடயே வளந்தவங்கம்மா," என்றார். பிறகு, நேர்மையான மனிதர், சேர்த்துக்கொண்டார்: "கொட்டாய் ஜன்னல் நிக்காது. அதுக்கு அந்தப் புத்தகத்தத்தான் முட்டுக் குடுத்திருந்தோம். நல்ல கனம்."

என் கடைசி நம்பிக்கை அந்த ஜன்னல் வழியாக வெளியே போனது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நாவலில் கழுதை இல்லை.

படம் வருவதால் ஊரில் கழுதைக்குச் சிலை வைக்கிறார்கள், அச்சில் வார்த்தாகிவிட்டது, உணவகத்தில் 'கர்னல் பை' என்று ஆப்பிள் பை போடத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"அப்ப நெசமா எப்பிடித்தாம்மா முடியுது?"

சொன்னேன். அவர் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பதினோரு வருசமா? ஒருத்தரும் அவகிட்ட சொல்லலையா?"

"அவதான் யார்கிட்டயும் கேக்கலையே."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் என் தம்பி டேலுக்கும் பேச்சு நின்னு ஒம்பது வருசம். ஒரு டிராக்டர் விசயம். ரோட்டுக்கு அந்தாண்டதான் இருக்கான்."

நான் அவர் கோப்பையில் தண்ணீர் ஊற்றினேன்.

"நல்லாத்தான் முடிச்சிருக்கா கெழவி," என்றார். "ஆனா இதுக்குச் சிலை வைக்க முடியாதே."

மூன்று மணிக்கு டெல்ஃபின் அறையில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என்னிடம் மட்டும், அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படி எடுத்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். பதினான்கு பக்கம். மூன்று முறை சரிபார்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

நாளைய வேலை: சனிக்கிழமை. துணி துவைப்பது.

ஜூன் 12, வியாழன்

இன்றைய பிழை: கடைசியில் எழுதுகிறேன். விதிமீறல்தான்.

காலையில் நெப்ராஸ்காவிலிருந்து வெர்ன் தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தியாயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் அலைந்தாராம். ஞாயிற்றுக்கிழமை ரோட்டைத் தாண்டிப் போய்த் தம்பியின் கதவைத் தட்டிவிட்டாராம்.

"உயிரோடதான் இருக்கான்," என்றார். "கதவத் தெறந்ததும் திட்டுனான் பாரு, அப்பிடி ஒரு திட்டு. கேக்க நல்லா இருந்துச்சு."

டேலும் அந்தப் பதினான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, முன்னால் உள்ளதையும் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொட்டகை ஜன்னலிலிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டு போய்விட்டாராம். ஜன்னலுக்கு இப்போது விறகுக்கட்டை.

மதியம் டெல்ஃபின் அழைத்தார். நாளையோடு என் ஆறு மாதம் முடிவதை அவரே நினைவு வைத்திருந்தார். படத்தோடு சேர்த்து நாவலுக்குச் சிறப்புப் பதிப்பு ஒன்று வரப்போகிறது. அட்டையில் கழுதை. பதிப்பகத்தாருக்கு ஒரே ஒரு கவலை: படம் பார்த்துவிட்டு நூலை வாங்குபவர்கள் உள்ளே கழுதையைக் காணாமல் ஏமாந்துபோவார்களே.

"படத்துக்கு விசுவாசமா ஒரு நாவல் வேணும்," என்றார் டெல்ஃபின். "அந்தக் கடைசி அத்தியாயம் ரொம்ப சோகமாமே, அத எடுத்துட்டு அங்க கர்னல் வரட்டும். லவீனியா நடையிலயே எழுதணும். அதுக்கு இந்தக் கட்டிடத்துல உன்ன விட்டா ஆள் இல்ல. நீ அந்தப் புத்தகத்தப் படிச்சிருக்கியாமே?"

தலைகுனிந்து, ஆமாம் என்றேன்.

"பரவால்ல, கண்ணு. அத யாரும் ஒரு குறையா நெனக்கல."

மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நிரந்தர நியமனம். பல், கண், இரண்டுக்கும் காப்பீடு. மற்றது அத்தியாயத்துக்கான ஒப்பந்தம். எழுத்தாளராக வேண்டும் என்றுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். நான் எழுதுவது முதன்முதலாக அச்சில் வரப்போகிறது, அதுவும் அறுநூறு பக்கம் முன்னுரையோடு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். டெல்ஃபின் இரண்டையும் சேர்த்து எடுத்து, தானே பின் அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் போட்டேன். ஒரு நூலுக்கு ஒரு தவறு நடந்தால், யார் செய்தது என்று முறையாகக் கண்டுபிடித்துவிட வேண்டும். டெல்ஃபின்: கழுதைக்காகப் பத்தாம் வகுப்பில் உண்மையாகவே அழுதவர். திரைக்கதை ஆசிரியர்: பார்வை தூய்மையானது. பேராசிரியர்: நாற்பதாம் பக்கத்துக்கு அப்பால் அவருக்கு அதிகாரம் இல்லை. வெர்ன்: பதினான்கு பக்கம்தான் படித்தார், அதற்கே ரோட்டைத் தாண்டினார். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் நிரபராதிகள். அந்த நூலில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர்கள் அதற்கு என்ன தீங்கு செய்துவிட முடியும்?

மூன்று முறை சரிபார்த்தேன். கட்டிடத்தில் அதை முழுதாகப் படித்த ஒருத்திதான் மிச்சம் இருக்கிறாள்.

நாளைய வேலை: காலை ஒன்பதுக்கு நாற்பத்தோராம் அத்தியாயத்தை எடுத்துவிடுவது. பதினொன்றுக்குப் பல் மருத்துவரிடம் நேரம் கேட்பது. மாலைக்குள் கழுதை.