அக்காவின் மூக்கைக் காணாமல் அடித்த படம்

கேமரா தெரிந்தவன் என்று ஊரில் பேர் வாங்குவது சுலபம். அந்தப் பேரைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியாது. ஆறு வருஷமாக முயற்சி செய்து அலுத்துவிட்டேன்.

அப்போது அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னேரி மாப்பிள்ளையின் போட்டோ அக்காவுக்கே பிடித்துவிட்டது. (அவளுக்கு ஒன்று பிடிப்பதே அபூர்வம்.) தரகர் பெண்ணின் போட்டோ கேட்டார். நான் கல்லூரி நண்பனிடம் கேமரா இரவல் வாங்கி, நாலு வீடியோ பார்த்து, மேதையாகியிருந்த நேரம். ஆட்டோ மோடில் எடுப்பவனெல்லாம் போட்டோகிராஃபரா என்று மேனுவலுக்குத் திருப்பினேன்.

உத்திரமேரூர் உச்சி வெயில், மொட்டை மாடி, பட்டுப்புடவையில் அக்கா. அம்மா என் காதோடு சொன்னாள்: "கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி எடுடா. அவ கலரு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க."

வெளிச்சம் அதிகம் விட்டால் முகம் வெளுக்கும், அவ்வளவுதானே. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன். லென்ஸின் துளையை அகலத் திறந்தேன். ஷட்டரையும் மெதுவாக்கினேன். மூன்றையும் ஒன்றாகச் செய்யக்கூடாது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை (சொல்லியிருப்பார்கள், நான் ஓட்டிவிட்டிருப்பேன்). அந்த வெயிலில் கேமராத் திரை இருட்டாகத் தெரிந்தது. இன்னும் ஏற்றினேன்.

"இன்னாடா இவ்ளோ நேரம்? கண்ணு கூசுது," என்றாள் அக்கா.

நான் போனுக்கு மாற்றிக் கொடுத்த படத்தை அம்மா மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்தாள். "பளிச்சுனு கீது" என்று சொல்லி, அக்காவிடம் காட்டாமல் தரகருக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் தரகர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம். "தப்பா நெனச்சிக்காதீங்க. மாப்ள வூட்ல கேக்குறாங்க. பொண்ணுக்கு மூக்கு கீதா?"

அப்போதுதான் எல்லோரும் படத்தை ஒழுங்காகப் பார்த்தோம். வெள்ளையில் இரண்டு கண், ஒரு பொட்டு, கொஞ்சம் உதடு. மூக்கு, மூக்குத்தி, பின்னாலிருந்த தண்ணீர் டேங்க் எதுவும் இல்லை.

அக்கா அழுதுவிட்டாள். "என் கலரு உங்களுக்கே புடிக்கல, அவங்களுக்கு எப்டிமா புடிக்கும்?" என்றாள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவளே போனை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினாள். கறுப்பாக, கோபமாக, மூக்கோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

கல்யாணமும் ஆனது. அன்றிலிருந்து மாமா என்னிடம் நலம் விசாரித்ததே இல்லை. "மச்சான், மூக்கு கீதா?" என்பார். பந்தியில், பஸ் ஸ்டாண்டில், ஒருமுறை சாவு வீட்டில்கூட. நானும் "கீது மாமா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

போன மாதம் பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டார். எடுத்ததும், "மச்சான், மூக்கு கீது," என்றார்.

ஆணா பெண்ணா என்று நான் கேட்பதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணுடா. அப்டியே என் கலரு. வந்து பாரு. கேமராவ வூட்லயே வெச்சிட்டு வா."