தரைக்கு அடியில் ஓதம் அண்ணாச்சி

கரிசல் காட்டில் எல்லோரும் மழைக்கு ஏங்கிக் கிடக்க, மழையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒரே பிறவி எங்கள் வீட்டுக்கார அண்ணாச்சிதான். அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அவர் ‘ஓதம் அண்ணாச்சி’. சுவரில் ஏறும் ஈரத்தைத்தான் ஓதம் என்போம்.

மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்து, தரையையே தூக்கிவிடும் என்று தூண்கள் எழுப்பி அதன்மேல் வீட்டைக் கட்டியிருந்தார். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். மாடியில் அவரும் அவர் மனைவியும். கீழே வாடகைக்கு நானும் அம்மாவும் தங்கை செல்வியும்.

குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: “மீன் பொரிங்க, ஆட்டுக்கறி வையிங்க, விருந்தாளுவளக் கூட்டிட்டு வாங்க. ஈரத்துணிய மட்டும் வீட்டுக்குள்ள காயப்போடாதிய.”

குக்கர் விசிலடித்தால் மாடியிலிருந்து ஓடி வருவார். “எம்மா, சன்னலத் தொறங்க! ஆவி பூராம் சுவத்துலதான் போய்ப் படியும்!” அடித்தளத்துக் காற்றுத் துவாரங்களுக்கு முன்னால் அம்மா வைத்த துளசித் தொட்டிகள் மறுநாளே தெருவுக்குப் போயின. மூலைக்கு மூலை கிண்ணத்தில் உப்பு வைப்பார். உப்பு நசநசத்துவிட்டால், ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தவர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். சுவரில் கன்னத்தை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, புதிதாக வந்த பால்காரர் சோடா வாங்க ஓடியதும் உண்டு.

ஓர் ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள், செல்வியைப் பெண் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை. அவருடைய அம்மா அதைவிட விறைப்பு. செல்வி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இங்கன ஈரம் இருக்கு!”

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். “என்ன சத்தம் இது?”

“ஒண்ணுமில்ல மதினி, வீட்டுக்காரவிய” என்றாள் என் அம்மா.

“எங்க இருக்காவ?”

“தரைக்கு அடியில.”

அந்தப் பதில் யாருக்கும் ஆறுதல் தரவில்லை. மறுபடியும் குரல்: “குழாய் ஒழுகுது! ஏ, யாராச்சும் வாங்க! சட்ட கம்பில மாட்டிக்கிட்டு, நகர முடியல!”

நான் எழுவதற்குள் மாப்பிள்ளை காபியை வைத்துவிட்டு வெளியே போய், அதே வெள்ளைச் சட்டையோடு உள்ளே தவழ்ந்துவிட்டார். நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே பேச்சு நடந்தது.

“தம்பி, வந்ததுதான் வந்திய, இந்தக் குழாயக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க.”

“ஆமா அண்ணாச்சி, நல்லாவே சொட்டுது. துணி இருந்தாக் கட்டிவிடலாம்.”

மாப்பிள்ளையின் கைக்குட்டை அங்கேயே போயிற்று. இருவரும் தலை முதல் கால் வரை கரிசல் அப்பி வெளியே வந்தார்கள். அதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாத செல்வி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் என்னிடம் வந்து, “இவிகளே போதும்ண்ணே” என்றாள்.

அது தெரிவதற்கு முன்பே நான் சண்டை போட மாடிக்கு ஏறியிருந்தேன். அண்ணாச்சி குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் மெல்ல மூச்சு வாங்கிப் பேசினார். “கோவிச்சுக்காதிய தம்பி. பழைய வீட்ல சுவரு பூராம் ஓதம். எனக்கு இளைப்பு வந்து, படுக்க முடியாம உக்காந்தே கெடப்பேன். இவியளும் கூடவே உக்காந்திருப்பாவ. அதுக்குப் பொறவுதான் இப்பிடி ஆயிட்டாவ.”

இறங்கி வந்து, மூலைக் கிண்ணத்தில் நசநசத்துப் போயிருந்த உப்பை மாற்றி வைத்தேன்.

செல்வி விளாத்திகுளம் போன பிறகு, ஒவ்வொரு மழைக்கும் அண்ணாச்சி பஸ் ஏறி அவள் வீட்டுச் சுவர்களைப் பார்க்கப் போவார். பார்த்துவிட்டு, சாப்பிட்டுத்தான் திரும்புவார். இந்த வருஷமும் மேகம் கூடியதும் அவள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாளாம். அண்ணாச்சி இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது என்பது சோறு வடித்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.