ஆமைப் பாடத்தில் பாஸான கதை

முப்பது வருஷம் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தினவளுக்கு வெட்கம் ஏது என்று எங்கள் ஊரூர் குப்பத்தில் சொல்வார்கள். ஒரே ஒரு நாள் நானும் வெட்கப்பட்டிருக்கிறேன். அதுவும் நானே இழுத்து விட்டுக்கொண்டது.

பவித்ரா, என் தங்கச்சி மகள் செல்வியின் பொண்ணு. மூன்றாவது படிக்கிறாள். (அம்மா கூப்பிடுகிற மாதிரியே அவளும் என்னைப் பெரிம்மா என்பாள்.) நாளெல்லாம் பேசுகிற பெண், புத்தகத்தைத் திறந்தால் ஊமை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகருதாம். ஸ்கூல் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

செல்வி நடையாய் நடந்து ஒரு தேதி வாங்கினாள். சிறப்பு டீச்சர் வந்து சோதித்துப் பார்ப்பார். உதவி தேவை என்று எழுதிக் கொடுத்தால் வாரத்துக்கு இரண்டு நாள் தனியாகச் சொல்லித் தருவார்கள், பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் பழையபடி கடைசி பெஞ்சுதான்.

"எந்தப் பாடம்டி கேப்பாங்க?" என்றேன்.

"அய்யோ பெரிம்மா, அது பரீட்ச இல்ல. இவளுக்கு இன்னா வர்லன்னு பாக்கறதுக்கு."

"வர்லன்னு ஊரான் முன்னால காட்டுவியா? அப்புறம் நம்ம வூட்டுக்கு இன்னா மரியாத கீது?"

செல்வி வேலைக்குப் போன மூன்று மத்தியானமும் தமிழ்ப் புத்தகத்தில் முதல் பாடத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக் காட்டினேன். (நானும் மூன்றாவதோடு நின்றவள்தான்.) குளத்தைத் தேடிப் போகிற ஆமையின் கதை. பவித்ரா கேட்டுக் கேட்டே அப்படியே பிடித்துக்கொண்டாள். விரலை எப்போது அடுத்த வரிக்கு இறக்கணும் என்பதுவரை பழக்கினேன். டீச்சர் வருகிற அன்றைக்குப் பட்டுப் பாவாடை, இரண்டு முழம் மல்லி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரி, செல்வியோடு நானும் கூட்டிப் போனேன்.

டீச்சர் சின்னப் பெண். புத்தகத்தைத் திறந்தார். சாமி புண்ணியத்தில் அதே ஆமை! பவித்ரா விரலை வைத்துக் கடகடவென்று முடித்தாள். நாற்காலியில் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன்.

டீச்சர் பேனாவை மூடினார். "நல்லாப் படிக்கிறாளேம்மா! இவளுக்கு உதவி எதுவும் தேவைப்படாது."

செல்வி முகத்தில் ரத்தமே இல்லை. "டீச்சர், வூட்ல ஒரு எழுத்துகூட..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெயிக்கக் கூடாத இடத்தில் ஜெயித்துத் தொலைத்திருக்கிறேன். என் கூடை மீன் கெட்டது என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் எழுந்து நின்றேன்.

"அந்தப் பக்கத்தக் கொஞ்சம் திருப்பும்மா."

திருப்பினார். ரயில் படம் போட்ட வேறு பாடம். பவித்ராவின் விரல் ரயிலுக்குக் கீழே ஓடியது, வாய் மறுபடியும் ஆமையைக் குளத்துக்கு அனுப்பியது. இரண்டு வரி போனதும் படத்தைப் பார்த்து நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா, இத நீ சொல்லியே தர்லியே?"

தரை பிளந்தால் இறங்கியிருப்பேன்.

"நீங்களா?" என்றார் டீச்சர்.

"நான்தாம்மா. மூணு நாளா."

"ஒரு பாடம் முழுக்க, மூணே நாள்ல, காதால கேட்டா?" பேனாவை மறுபடி திறந்து ரொம்ப நேரம் எழுதினார். என்னைத் திட்டித்தான் எழுதுகிறார் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து செல்வி படித்துச் சொன்னாள்: வாசிக்க உதவி கட்டாயம் தேவை, கேட்டுக் கற்கும் திறமை மிக அதிகம்.

உதவி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு. எல்லோரும் அடுத்த பேச்சுக்குப் போன பிறகும் நான் பழைய சண்டையையே இழுத்துக்கினு இருந்தால், பவித்ராதான் முதலில் கத்துவாள்: "பெரிம்மா, பக்கத்தத் திருப்பியாச்சு!"

வீடே சிரிக்கும். குப்பத்தில் என் வாயை அடைக்க இதுவரை கண்டுபிடித்த ஒரே வழி அதுதான்.