சாம்ராட் கார் இடப்பக்கம் இழுப்பதில்லை

மதுரை மாநகரில் சாம்ராட் சொகுசுக் கார் வைத்திருந்த பெருமக்கள் மூன்றே பேர். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் சங்கம் வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தார்கள். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி பட்டாபிராமன் தலைவர். அலங்காநல்லூர் அரிசி மில் முதலாளி ஜெயக்கொடி பொருளாளர். ஆடிட்டர் ஹாலாஸ்யம் காரியதரிசி.

ஹாலாஸ்யத்துக்கு ஒரு கஷ்டம். அவர் வண்டி இடப்பக்கமே இழுத்தது. கொட்டாம்பட்டி ரோட்டில் ஒரு புளியமரத்தில் மோத இருந்து, முருகா முருகா என்று தப்பித்தார்கள். பக்கத்தில் இருந்த மனைவி ஸ்யாமளா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "ஏன்னா, அதைச் சரி பண்ற வரைக்கும் நான் பஸ்லதான் வருவேன்."

கம்பெனிக்கு எழுதினார். 'வேறு எந்த உரிமையாளரும் இவ்வாறு தெரிவிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது. வாரண்டி இந்த வாரத்தோடு முடிகிறது. மற்ற இருவரும் புகார் மனுவில் கையெழுத்துப் போட்டால் புது ஸ்டியரிங். இல்லாவிட்டால் புளியமரம்.

அவசரக் கூட்டம் கூடியது. பட்டாபிராமன் பம்பாய் மோட்டார் பத்திரிகையை விரித்தார்.

"ஒரே விரலால் ஓட்டலாம்னு நிபுணர் எழுதியிருக்கார். இழுக்கறதுன்னு யார் சொன்னது?"

"நான்தான் சார். ஓட்டறவன் நான்தானே!"

"ஓய், ஓட்டறவன் சொன்னா அது புகார். நிபுணர் சொன்னாத்தான் கருத்து."

ஜெயக்கொடி குறுக்கே வந்தார். "சீட்டு வெல்வெட்டாம்ல அண்ணே! அம்புட்டு மெத்துனு இருக்குமாம்."

"மெட்ராஸ் பத்திரிகையில முள்ளு மாதிரி குத்தறதுன்னு போட்டிருக்கே?" என்றார் ஹாலாஸ்யம்.

"மெட்ராஸ்காரனுக்கு உட்காரத் தெரியாது," என்றார் பட்டாபிராமன்.

விவாதம் சூடு பிடித்தது. ஆனால் அந்த வெல்வெட்டை மூவரில் ஒருவரும் தொட்டதில்லை. வாங்கிய நாளிலிருந்து சீட்டின் பாலித்தீன் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் வண்டி பழசாகிவிடுமே! சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, வெல்வெட்டைப் பற்றிப் படித்துப் படித்தே சந்தோஷப்பட்டார்கள்.

கடைசியில், ஹாலாஸ்யத்தின் வண்டியைத் தலைவரே ஓட்டிப் பரிசோதிப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மூவரும் அலங்காநல்லூர் ரோட்டில் கிளம்பினார்கள்.

"சார், இழுக்கறது பாருங்கோ!"

"வண்டி இழுக்கலை. ரோடு வலப்பக்கமா நகர்றது."

பின்னால் ஜெயக்கொடி பாலித்தீனில் வழுக்கிக்கொண்டே போய் வலது கதவோடு அப்பிக்கொண்டார். பட்டாபிராமன் நியாயஸ்தர். நிபுணர் சொன்ன முறைப்படி சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று இரண்டு கையையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு விரலை ஸ்டியரிங்கில் வைத்தார். வண்டி அலட்டிக்கொள்ளாமல் ரோட்டை விட்டு இறங்கி, வயல் சேற்றில் போய் உட்கார்ந்தது.



"எம் வண்டியும் இப்படித்தான்ணே இழுக்குது," என்றார் ஜெயக்கொடி மெதுவாக.

பட்டாபிராமன் கண்ணாடியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். "என்னோடது இதைவிட மோசம்."

ஹாலாஸ்யத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் வாயைத் திறந்தார்களா, பாவிகள்! போகட்டும், இப்போதாவது சொன்னார்களே. பையிலிருந்து மனுவையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

பட்டாபிராமன் பேனாவைத் தொடவில்லை. "கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? இவ்ளோ பெரிய கார் வாங்கி ஏமாந்தோம்னு நாமே எழுதிக் குடுக்கற மாதிரி. அப்புறம் ஊர்ல எவன் மதிப்பான்?"

"அதுஞ் சரிதேன்," என்றார் ஜெயக்கொடி.

அந்த நேரம் டிராக்டரில் வந்த முத்திருளன் என்ற விவசாயி, சங்கிலி போட்டு வண்டியை ரோட்டுக்கு இழுத்துவிட்டார். பிறகு அதை ஆசை ஆசையாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நானும் இதுல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வண்டி எப்படிங்க?"

ஹாலாஸ்யம் மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஒரு குறை சொல்ல முடியாதுங்க. புதுசு எதுக்கு? இதையே எடுத்துக்குங்களேன்."

பட்டாபிராமன் பதறிப்போய் நடுவில் பாய்ந்தார்.

"ஐயையோ, இதை வாங்காதீங்கோ! இடப்பக்கம் இழுக்கும்! சங்கத் தலைவர் நான் சொல்றேன், வேணும்னா இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன். எங்காத்துல என்னோட வண்டி இருக்கு, வந்து பாருங்கோ."