சொந்தப் பெண்டாட்டியோடு ஓடிப்போனவன்

எங்கள் குடும்பத்தில் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடியவன் என்று ஒரே ஒருவன்தான் உண்டு. அது நான். ஓடியது என் சொந்த மனைவியோடு. அதுவும் முறைப்படி தாலி கட்டி, ஊரைக் கூட்டி இலை போட்டு, மொய் எழுதி முடித்த பிறகு. (இப்படி ஒரு சாதனையை வேறு யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள். ஆறுதலுக்கு ஒரு ஆள் வேண்டும்.)

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. எனக்கு இருபத்தாறு வயது. செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. அதில் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், இரண்டு அண்ணிகள், அவர்கள் பெற்ற நாலு, ஒரு தங்கை, நான். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணமாகி, பதின்மூன்றாவது ஆளாக வசந்தா வந்து சேர்ந்தாள். புது ஜோடிக்கு என்று சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருப்பார். நான் இந்தப் பக்கம் புரண்டு படுத்தால் அவர் அந்தப் பக்கம் கனைப்பார்.

பதினெட்டு நாள் தாம்பத்தியத்தில் நான் அவளிடம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம். "சோப்பு எங்கே?" "விளக்கை அணைச்சிடு." அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமனார் சீர்த்தட்டோடு வந்து மகளை அழைத்துக்கொண்டு போனார். ஆடி முடிகிற வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. நான் என்னவோ பார்த்துத் தீர்த்துவிட்ட மாதிரி.

பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். மாமனார் வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்து வசந்தா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஒரே ஒரு நாள், யாரும் இல்லாத இடத்துல உக்காந்து உங்களோட பேசணும். நீங்க யாருன்னே எனக்குத் தெரியல. திரும்பி வந்தாலும் இப்படியேதான் இருக்கும்னா எனக்குப் பயமா இருக்குங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு புருஷனாக என்னிடம் அவள் கேட்ட முதல் விஷயம் அது. "மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறேன். ரூம் போட்டு," என்றேன். (மகாபலிபுரத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.)

கணக்கு என்னவோ சரிதான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் அரை மணி பஸ். மலைக்கோயிலுக்குக் கழுகு பார்க்கப் போகிறேன் என்று வசந்தா காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். கடற்கரையில் உட்கார்ந்து பேசலாமே என்பீர்கள். மகாபலிபுரக் கடற்கரையில் எந்த நாளும் செங்கல்பட்டு ஆட்கள் நாலு பேராவது சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள். ஆடியில் எங்களைப் பார்த்தால் பொழுது சாய்வதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். நாலு சுவருக்குள் ஓர் அறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரூம் தேடிக் கிளம்பினேன், நண்பனின் கறுப்புக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு.

முதலில் கடலோரத்தில் இருந்த பெரிய ஓட்டல். புல்தரை, தனித்தனிக் குடில்கள், குடிலுக்குக் குடில் வெள்ளைக்காரர்கள். டை கட்டிய ஓர் ஆள், "எத்தனை நைட்டு சார்?" என்றார். "நைட்டே வேணாம், பகல் மட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாடகையைச் சொன்னார். என் சம்பளத்தில் பாதி. முகத்தை மாற்றாமல், சினிமாக் கம்பெனி ஆள் மாதிரி, "எங்க டைரக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன்" என்று சொல்லி, அங்கே வைத்திருந்த ஐஸ் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து சர்க்கார் பயணியர் விடுதி. வாடகை மலிவு. ஆனால் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார் காவலாளி. யார் அந்த அதிகாரி என்று கேட்டால், எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டே எழுந்து நின்று பேசுகிற மனிதர். அந்த மனுவில் 'தங்கும் நோக்கம்' என்று ஒரு வரி உண்டாம். என்னத்தை எழுதுவது? மனைவியின் படிப்பு, பிடித்தது பிடிக்காதது முதலியவற்றை விசாரித்தல் என்றா?

சத்திரத்தில் இடம் இருந்தது, காசும் வேண்டாம் என்றார்கள். மேனேஜர் நெற்றி நிறைய விபூதியோடு, "ஆம்பளைங்க இந்தக் கூடம், பொம்பளைங்க அந்தக் கூடம். நடுவுல என் மேஜை" என்றார். அதற்கு எங்கள் வீடே தேவலை. பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு லாட்ஜ் இருந்தது. பகலுக்கு ரூம் என்று நான் ஆரம்பித்ததுமே அந்த ஆள் கண்ணடித்து, "ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா?" என்றான். என் மனைவிக்காக என்று சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான். அங்கிருந்து நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்துவிட்டது.

செருப்புத் தைத்தவர்தான் வழி சொன்னார். மீனவர் குப்பத்தில் ஹிப்பிகளுக்கு அறை விடுகிறார்களாம். போய் விசாரித்ததில் கன்னியம்மா அகப்பட்டாள். மீன் விற்கிறவள், ஐம்பது வயதிருக்கும், குரல் கடலைத் தாண்டிக் கேட்கும். வீட்டை ஒட்டிக் கீற்றுத் தட்டி வைத்து ஓர் அறை. ஒரு பாய், ஒரு பானைத் தண்ணீர். வாடகை, இரண்டு பேர் சினிமா போய் டிபன் சாப்பிடுகிற காசு.

"வெள்ளக்காரன் மாசக்கணக்குல குந்திகினு கீறான். நீ ஒரு பகலுக்குக் கேக்கற. இன்னா சோலி?"

"பேசணும். என் பெண்டாட்டியோட."

"ஏன், வூட்ல பேச மாட்டியா?"

செங்கல்பட்டு என்று சொன்னால் விஷயம் ஊருக்குப் போய்விடும் என்று பயந்து, "நாங்க மெட்ராஸ்மா. கடலைப் பாக்க வரோம்" என்றேன். மெட்ராஸில் கடல் இல்லையா என்று அவள் வாயால் கேட்கவில்லை. முகம் கேட்டது.

வசந்தாவின் சிநேகிதி பேருக்குக் கடிதம் போட்டு ஏற்பாடு செய்தேன். இரண்டாம் சனிக்கிழமை. வசந்தா வயர்கூடையில் புளிசாதத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நான் பத்தடி முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்தாள். வழியில் தெரிந்த முகம் ஒன்று தட்டுப்பட்டதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ரொம்பச் சாமர்த்தியமாக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு.

கன்னியம்மா வாசலில் நின்று வசந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரும்மா?"

"திருக்கழுக்குன்றம். இவங்களுக்குச் செங்கல்பட்டு."

"மெட்ராஸுன்னான். கயுத்துல கவுறு புச்சா கீது. எப்ப கட்டுனான்?"

"போன மாசம்."

"ஆடியில புதுப் பொண்ணயும் மாப்புள்ளயயும் ஒண்ணா உடுவாங்களா? வூட்டுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வராத பெண். "தெரியாது," என்றாள்.

அவ்வளவுதான். கன்னியம்மா போட்ட கூச்சலில் குப்பமே திரண்டுவிட்டது. ஓடி வந்த ஜோடி, ஆம்பளை ஊரை மாற்றிச் சொல்கிறான், கறுப்புக் கண்ணாடி வேறு. குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் வந்தார். வசந்தாவிடம் அப்பா பெயரும் தெருவும் கேட்டு, ஓர் ஆளைத் திருக்கழுக்குன்றத்துக்கு பஸ்ஸில் அனுப்பினார். அந்த ஆள் திரும்புவதற்குள் விசாரணை தொடங்கியது.

"தாலி கட்டுன புருஷன்தான்றியே," என்றார் நாட்டார். "அப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஒன் பொண்டாட்டி இன்னா படிச்சிருக்கா?"

"பத்தாவது," என்றேன் உறுதியாக.

"பி.யூ.சி.," என்றாள் வசந்தா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"ரெண்டு அண்ணன்."

"மூணு. பெரியவர் பம்பாய்ல இருக்கார்." பம்பாய் மைத்துனர் கல்யாணத்துக்கு வந்து எனக்கு மோதிரம் போட்டவர். அந்த மோதிரம் அப்போது என் விரலில் இருந்தது.

"அவளுக்கு இன்னா குயம்பு புடிக்கும்?"

எங்கள் வீட்டில் வாரம் ஐந்து நாள் கத்தரிக்காய். தைரியமாக, "கத்தரிக்காய்க் குழம்பு," என்றேன்.

வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டா உடம்பெல்லாம் அரிக்கும். பதினெட்டு நாளா அரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாட்டார் அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. இவன் பீடி சிகிரெட்டு குடிப்பானா?" என்றார். "இல்லவே இல்லை," என்றாள் பாவம், முழு நம்பிக்கையோடு. என் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை நாட்டாரே எடுத்துக் காட்டினார். எனக்குத் தலையை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. போலீஸ், ஆபீஸ், சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. அதைவிட, பேசலாம் என்று நம்பி வந்தவளை இத்தனை பேருக்கு நடுவில் நிறுத்திவிட்டேனே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

அப்போதுதான் கன்னியம்மா, "இந்தா, நிறுத்துங்க," என்றாள். "இதுங்க ஓடியாந்ததுங்க இல்ல."

"எப்டி சொல்ற?"

"எம் பொண்ண இட்டுகினு போனானே ஒருத்தன், அவனை நிக்க வெச்சுக் கேட்டேன். அவ செருப்பு சைஸு வரிக்கும் சொன்னான். அவ எப்ப தும்முவான்னு சொன்னான். இவன் ஒரு மண்ணும் தெரியாம முய்க்கிறான் பாரு. ஆசப்பட்டு இட்டாந்தவன் இப்டியா இருப்பான்? இவன் நெஜமான புருஷன்தான்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். எதிர்வாதமே எழவில்லை. நாட்டார்கூடச் சற்று யோசித்துவிட்டு, தன் மனைவியைப் பார்க்காமல், "சரிதான்," என்றார். "அப்ப ஆடியில திருட்டுத்தனமா இன்னாத்துக்கும்மா வந்தீங்க?"

"இதெல்லாம் அவருக்குச் சொல்லத்தான்," என்றாள் வசந்தா. யாரும் சிரிக்கவில்லை.

கன்னியம்மா எல்லோரையும் விரட்டினாள். எங்கள் இருவரையும் உள்ளே தள்ளி, "பேசுங்க. யாரு வராங்கன்னு நான் பாத்துக்கறேன்," என்று படலைச் சாத்தினாள். எதிரெதிரே பாயில் உட்கார்ந்தோம். டைப்ரைட்டிங்கில் இரண்டு முறை பெயிலானதை நான் முதலில் ஒப்புக்கொண்டேன். அவள் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டதைச் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று என் புதுச் சட்டையில் கடை விலைச் சீட்டு தொங்கியதையும், அதைப் பார்த்துத்தான் இந்த ஆள் கெட்டவனாக இருக்க முடியாது என்று சம்மதித்ததையும் சொன்னாள். ஒன்றரை மணி நேரம். எனக்கு உண்மையில் கல்யாணம் நடந்தது அப்போதுதான்.

பிறகு வெளியே ஒரு சத்தம். மாமனார். நாட்டார் அனுப்பிய ஆள், "உம் பொண்ணு கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருத்தனோட ஓடியாந்துட்டுது" என்று சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரோடு, கையில் தடியோடு வந்திருக்கிறார்.

"குந்துய்யா," என்றது கன்னியம்மாவின் குரல். "ஒம் மாப்புள்ளதான் உள்ள கீறாரு. பேசிகினு கீறாங்க. முடியட்டும்."

தடியோடு வந்த மூன்று பேரையும் அவள் மணலில் உட்காரவைத்து ஆளுக்கொரு டீ கொடுத்துவிட்டாள். நாங்கள் வெளியே வந்தபோது மாமனார் எழுந்தார். அடிக்க வந்த ஆள் மாப்பிள்ளையாகப் போய்விட்டான். மரியாதையையும் விட முடியாது. தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா?" என்றார். வசந்தா எல்லோருக்கும் புளிசாதம் பரிமாறினாள். நான் கண்ணாடியைக் கழற்றாமலே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் செங்கல்பட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா நாலு நாள் பேசவில்லை. சூப்பிரண்ட், "ரூம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா," என்று ஆபீஸுக்கே கேட்கும்படி சொன்னார். ஆனால் ஆவணி பிறந்ததும் அப்பா அடுத்த சந்தில் தனியாக ஓர் அறை பார்த்துக் கொடுத்து, "இனிமே ஓடாதே," என்று சாவியைக் கையில் திணித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்தரிக்காய் கிடையாது. மறு வருஷம் வசந்தா டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தாள். கல்யாண நாளையோ, பிறந்த நாளையோ நான் மறக்கும்போதெல்லாம் மகனும் மகளும் சேர்ந்துகொண்டு, "நிஜமான புருஷன்தான்," என்று தீர்ப்புச் சொல்வார்கள். இப்போது பேரன் பேத்திகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் வசந்தாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க நானே பதில் சொன்னேன். பிறந்த தேதி, ரத்த வகை, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, கத்தரிக்காய் தின்றால் எத்தனை நிமிஷத்தில் அரிக்கும், கண்ணில் மருந்து விட்டால் எத்தனை முறை தும்முவாள், எல்லாம். நர்ஸ் எழுதி முடித்துப் போனதும் வசந்தா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் அடக்கி வாசிங்க. ஓடி வந்த ஜோடின்னு நினைச்சுக்கப் போறாங்க."