பைக்குள் பூட்டிய டெண்டர்

கனெக்டிகட், மார்ச் 8, 1881

அன்புள்ள ஓரினுக்கு,

பெரியப்பா எலிஃபலெட் எழுதுவது. இருமல் நீங்கலாக நானும் உன் பெரியம்மாவும் நலம். வாஷிங்டனில் நீயும் உன் மனைவியும் நலமென்று நம்புகிறோம்.

இத்துடன் இருக்கும் சிறு சாவியை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அஞ்சல் துறை அலுவலகத்தில் சேர்த்துவிடு. தவறு என்னுடையதுதான். அஞ்சல் பைகளுக்குப் பூட்டு வேண்டும் என்ற டெண்டர் அறிவிப்பை நான்கு முறை படித்தேன். விலைத்தாளும் மாதிரிப் பூட்டும் ஒன்றாக, பத்திரமாக வந்து சேரவேண்டும் என்றிருந்தது. நம் பட்டறைப் பூட்டைவிடப் பத்திரமானது எது என்று யோசித்து, விலைத்தாளை ஓர் அஞ்சல் பைக்குள் போட்டு, நம் பூட்டாலேயே பூட்டி, இழுத்துப் பார்த்து, ரயிலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால், சாவி கீழே விழுகிறது. உன் பெரியம்மா குனிந்து எடுத்தாள். "பட்டறை ஆளுங்க பத்தொம்பது பேரோட பொழப்ப உள்ள போட்டுப் பூட்டிட்டு, சாவிய மட்டும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க."

நேற்று உன் கடிதம் வந்தது. குமாஸ்தாக்கள் கம்பியாலும் இடுக்கியாலும் இரண்டு நாள் முயன்றும் பூட்டு அசையவில்லையாம். பையை அறுக்கலாமென்றால் அஞ்சல் பையை அறுப்பது குற்றம், யாரும் கத்தியைத் தொடவில்லையாம். மற்ற டெண்டர்காரர்கள் நடையில் நின்று சிரித்தார்களாம். ஆனால் தலைமைக் குமாஸ்தா உன்னிடம் சொன்னதை மட்டும் மூன்று முறை படித்தேன்: "உங்க பெரியப்பா மறதிக்காரருதான் தம்பி. ஆனா வந்த பதினோரு பூட்டுல மத்த பத்தையும் நாங்க மொத நாள் காலையிலயே தொறந்துட்டோம்."

இதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா, ஓரின்? எனக்கு அதில் பழக்கமில்லை. டெண்டர் கிடைக்காவிட்டால் கோடைக்குள் பட்டறையை மூடவேண்டும் என்பது உனக்குத் தெரியும். மேஸ்திரி ஜேபஸிடம் சொன்னேன். எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் இன்னும் கழுவவில்லை.

எந்த அலுவலகத்திலும் உன்னை வெகுநேரம் காக்கவைக்காமல் ஆண்டவர் காக்கட்டும்.

அன்புடன்,
எலிஃபலெட் ட்ரெட்வெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் பெரியம்மா, மேசைமேல் இருந்த, அனுப்பிய மாதிரிப் பூட்டின் ஜோடியில் தன் சரக்கறைச் சாவியை நுழைத்துத் திருப்பினாள். திறந்துகொண்டது. சரக்கறைப் பூட்டையும் நான்தான் செய்தேன். பூட்டு செய்ய எனக்கு ஒரே வழிதான் தெரியும் போலிருக்கிறது. மறைக்கத் தைரியம் இல்லாததால் அந்தச் சாவியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டையும் கொடுத்து உள்ளதைச் சொல்லிவிடு. சரக்கறைக்கு வேறு பூட்டுப் போட்டால் தீர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மாவின் கவலை வேறு. "நாடு பூரா ஒவ்வொரு போஸ்ட்மாஸ்டர் கையிலயும் இந்தச் சாவிதானே இருக்கப்போகுது? சரக்கறையில உப்புப் போட்டு வெச்சிருக்குற பன்றித்தொடைய எங்க கொண்டுபோய் ஒளிப்பேன்?" என்கிறாள். டெண்டர் நமக்குத்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.